இடம் என்னும் இழப்பு: த்ரேஸ் – சென் தமிழக வாசிப்பும் சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளும்

ஆய்வுச் சுருக்கம்

ழான் த்ரேஸ், அமர்த்தியா சென் ஆகிய பொருளியலறிஞர்கள் இணைந்து எழுதிய நூல்களில், பொதுச் சேவைகளின் வழியே வறுமையின் கடுமையைத் தணித்த மாநிலமாகத் தமிழகம் எடுத்துக்காட்டப்படுகிறது. சத்துணவு, பொது விநியோகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்ட அவ்வாதம் வலிமை மிக்கது. எனினும், மாநிலத்தை அலகாகக் கொண்டு ஒப்பிடும் அம்முறையில், சேவை கிடைக்கும் இடத்துக்கும் மக்கள் குடியிருக்கும் இடத்துக்கும் இடையிலான உறவு பார்வைக்கு வருவதில்லை. தாம்பரம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய தென்புறநகர்ப் பகுதிகளை முன்வைத்து இக்கட்டுரை அவ்வாதத்தை மதிப்பிடுகிறது.

திறவுச் சொற்கள்: இயலுமை, பொதுச் சேவை, பல்பரிமாண வறுமை, மறுகுடியமர்வு, தென்சென்னைப் புறநகர்.

முன்னுரை

வறுமையை வருமானக் குறைவாக மட்டும் காணும் பார்வையைக் கல்வி, நலவாழ்வு, உணவு ஆகியவற்றின் பக்கம் திருப்பியதில் த்ரேஸ், சென் ஆகியோரின் கூட்டுப்பணிக்குப் பெரும்பங்கு உண்டு. ‘பசியும் பொதுச் செயற்பாடும்’ (1989), ‘இந்தியா: பொருளாதார வளர்ச்சியும் சமூக வாய்ப்பும்’ (1995), அதன் விரிவாக்கமான ‘இந்தியா: வளர்ச்சியும் பங்கேற்பும்’ (2002), ‘நிச்சயமற்ற பெருமை’ (2013) எனத் தமிழில் பெயர்க்கத்தக்க அவர்களது ஆங்கில நூல்கள், கால் நூற்றாண்டு நீண்ட ஒரே வாதத்தின் படிநிலைகள் எனலாம். இந்நூல்களில் கேரளத்துக்கும் இமாசலப் பிரதேசத்துக்கும் உள்ள இடம், ‘நிச்சயமற்ற பெருமை’யில் தமிழகத்துக்கும் உறுதியாகக் கிடைக்கிறது.

தமிழக ஆய்வுலகில் இப்பகுதி பெரும்பாலும் பாராட்டுச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. ஒரு வாதத்தைச் சான்றிதழாகக் கொள்வது வேறு. அதனைச் சோதித்துப் பார்ப்பது வேறு. சோதிப்பதற்கு ஏற்ற களம், அவ்வாதம் குறிப்பிடும் சேவைகள் அனைத்தும் கொள்கையளவில் நடைமுறையில் இருந்தும் வறுமை நீங்காத ஓரிடமாக இருத்தல் வேண்டும். சென்னையின் தென்புறநகர் அத்தகைய களம்.

1. வாதத்தின் அமைப்பு

த்ரேஸ் – சென் வாதம் மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது, இயலுமைக் கோட்பாடு. ஒருவரிடம் உள்ள பணமோ பொருளோ அவர் வாழ்வின் அளவுகோல் ஆகாது. அவற்றைக் கொண்டு தாம் மதிக்கும் வாழ்க்கையை அவரால் வாழ முடிகிறதா என்பதே கேள்வி. இரண்டாவது, பொதுச் செயற்பாடு. வருமானம் உயரும்வரை காத்திராமல், ஏழை நாடும் ஏழை மாநிலமும் உணவு, மருத்துவம், கல்வி ஆகியவற்றை நேரடியாக அளிக்க இயலும் என்பதை 1989ஆம் ஆண்டு நூல் பல நாடுகளின் வரலாற்றைக் கொண்டு நிறுவுகிறது. மூன்றாவது, அனைவருக்குமான தன்மை. ஏழையரைத் தேர்ந்தெடுத்து உதவும் திட்டங்களில் உரியவர் விடுபடுகின்றனர். அனைவருக்கும் உரிய திட்டங்களிலோ பயன்பெறுவோரின் குரல் வலுவாக இருப்பதால் தரமும் காக்கப்படுகிறது.

தமிழகம் இம்மூன்றுக்கும் சான்றாகிறது. திட்டக் குழுவின் மதிப்பீட்டில் 1973–74இல் தமிழகத்தின் வறுமை விகிதம் ஏறத்தாழ 55 விழுக்காடு. இந்தியச் சராசரியும் அதுவே. அந்நிலையிலிருந்த மாநிலம் 1982 சூலையில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அது நிதிப் பொறுப்பற்ற செயல் எனப் பொருளியலாளர் பலரால் குறைகூறப்பட்டது. பின்னர், 2001 நவம்பரில் உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் சமைத்த மதிய உணவு நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. 1997இல் ஒன்றிய அரசு பொது விநியோகத்தை இலக்குமுறைக்கு மாற்றியபோதும் தமிழகம் அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துக் கொள்முதலை ஒழுங்குபடுத்தியது. அரசு நிறுவனங்கள் இயல்பாகவே செயலற்றவை என்னும் பொதுக் கருத்துக்கு இவை யாவும் மறுப்பாகின்றன.

2. சான்றின் வலிமை

இவ்வாதத்தைப் பிற்காலத் தரவுகளும் பொய்யாக்கவில்லை. 2019–21 காலத்தைச் சேர்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மருத்துவ நிறுவனங்களில் நிகழும் பேறு 99.6 விழுக்காடு, குழந்தை இறப்பு ஆயிரம் பிறப்புக்கு 18.6. இறப்பு விகிதத்தின் இந்தியச் சராசரி 35.2. அதே ஆய்வுத் தரவைக் கொண்டு நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் தமிழகத்தின் அளவு 2.20 விழுக்காடு, இந்தியாவின் அளவு 14.96 விழுக்காடு.

இந்நிலை எவ்வாறு எட்டப்பட்டது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. த்ரேஸ், சென் ஆகியோர் பெண்களின் பங்கையும், சுயமரியாதை இயக்கம் போன்ற சமூக இயக்கங்களையும், பொது விவாதத்தையும் சுட்டுகின்றனர். விவேக் சீனிவாசன் தம் 2014ஆம் ஆண்டு நூலில், ஊர்தோறும் தெருதோறும் எளிய மக்கள் ஓயாது எழுப்பிய கூட்டுக் கோரிக்கைகளே நிர்வாகத்தை இயங்கவைத்தன என்கிறார். அ. கலையரசன், ம. விஜயபாஸ்கர் ஆகியோரின் ‘திராவிட மாதிரி’ பற்றிய ஆய்வு (2021), நலத்திட்டங்களோடு பொருளாதாரக் கட்டமைப்பு மாற்றத்தையும் சாதிய எதிர்ப்பு அரசியலையும் இணைத்துக் காண்கிறது. காரணம் பற்றிய இக்கருத்துகள் வேறுபட்டாலும், மாநிலம் முழுவதையும் ஒரே அலகாகக் கொள்வதில் இவை பெரிதும் ஒன்றுபடுகின்றன. வினா எழும் இடம் அதுவே.

3. தாம்பரம்: சேவையும் தொலைவும்

தாம்பரத்தின் வரலாறு த்ரேஸ் – சென் வாதத்துக்கு முதற்பார்வையில் அரண் செய்கிறது. 1928இல் மருத்துவர் சௌரிமுத்து தனியார் நிறுவனமாக இங்கு அமைத்த காசநோய்ச் சானடோரியத்தை 1937இல் சென்னை மாகாண அரசு ஏற்றது. பின்னர் எச்.ஐ.வி. தொற்றுடையோர்க்கும் சிகிச்சை தரும் பெரிய அரசு மருத்துவமனையாக அது வளர்ந்தது. அதே 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் மையத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. 1940களில் அக்கல்லூரியில் பொருளியல் கற்பித்த மால்கம் ஆதிசேசையா, யுனெஸ்கோ பணிக்குப்பின் 1971இல் அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். கல்வியையும் நலவாழ்வையும் வளர்ச்சியின் உட்கூறாகக் கருதும் மரபு இப்பகுதிக்குப் புதிதன்று.

ஆயினும் இவ்வரலாற்றில் தொலைவு என்னும் கூறும் உண்டு. சானடோரியம் நகருக்கு வெளியே அமைந்ததற்குத் தூய காற்று ஒரு காரணம். நோயாளியை மக்கள் நெருக்கத்திலிருந்து விலக்கி வைப்பது மற்றொரு காரணம். இவ்விலக்கலின் தேவையைக் கேள்விக்குள்ளாக்கிய ஆய்வும் சென்னையிலேயே நிகழ்ந்தது. 1956இல் சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், நகரின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினர்க்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்தது. நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த உணவு ஆகியவற்றிடையேயும் வீட்டுச் சிகிச்சையின் பயன் சானடோரியச் சிகிச்சையின் பயனுக்கு ஏறத்தாழ இணையாக இருந்ததை 1959இல் வெளியான முடிவுகள் காட்டின. நோயைக் குணப்படுத்த ஏழையை அவர் வாழிடத்திலிருந்தும் பிழைப்பிலிருந்தும் பிரிக்க வேண்டியதில்லை என்பது இதன் பொருள். சத்துணவுக் கூடம், நியாயவிலைக் கடை, கிராமச் செவிலியர் என்னும் தமிழக ஏற்பாடுகள் அனைத்தும் இக்கருத்தோடு உறவுடையவை. சேவை மக்கள் வாழும் இடத்தை நாடிச் செல்கிறது.

தாம்பரத்தைப் பொறுத்தவரை, தொலைவு பெருந்தடையாகாமைக்குக் காரணம் தொடர்வண்டி. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 29 கி.மீ. நீளமுள்ள இப்பாதை, குறைந்த கட்டணத்தில் நகரின் வேலையையும் புறநகரின் குடியிருப்பையும் இணைத்தது. தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தின் தொழிற்கூடங்களும் பின்னாளில் பெண்கள் பலருக்கு அருகிலேயே வேலை தந்தன. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. தொலைவு எல்லார்க்கும் ஒரே சுமையன்று. போக்குவரத்தும் வேலையும் சேர்ந்திருப்பின் அது சுருங்கும். அவை இல்லையேல் விரியும்.

4. கண்ணகி நகர் முதல் பெரும்பாக்கம் வரை

தமிழ்நாடு குடிசைப்பகுதி மாற்று வாரியம் 1970இல் நிறுவப்பட்டபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகள் கட்டுவது அதன் முதன்மைப் பணியாக இருந்தது. நகர நிலத்தின் விலை ஏற ஏற அக்கொள்கை பின்தங்கியது. 2000ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகரிலும், ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியிலும், 2010களில் பெரும்பாக்கத்திலும் பெருந்திரளான மறுகுடியமர்வு நிகழ்ந்தது. கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும், பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டி அனுப்பப்பட்டோர் சென்று சேர்ந்த இடம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியது. அருகிலுள்ள செம்மஞ்சேரி மழைக்காலந்தோறும் நீர் தேங்கும் பகுதி.

இக்குடும்பங்கள் தமிழகத்தை விட்டு வெளியேறவில்லை. குடும்ப அட்டை, சத்துணவு, இலவச மருத்துவம் ஆகிய அனைத்துக்கும் அவர்களுக்கு உரிமை தொடர்கிறது. ஆயினும், கல்வியாண்டின் நடுவே நிகழ்ந்த வெளியேற்றங்களால் பிள்ளைகள் பழைய பள்ளிக்கு நெடுந்தொலைவு பயணம் செய்யவோ படிப்பை நிறுத்தவோ நேர்ந்தது. வீட்டுவேலை, மீன் விற்பனை, சிறுவணிகம் ஆகியவற்றைச் சார்ந்த பெண்களுக்கு, நகரின் நடுவில் நடந்து சென்ற வேலை பல மணிநேரப் பேருந்துப் பயணமாயிற்று. கேரன் கோயெல்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்ணகி நகரின் தொழில் நிலை பற்றி 2012இல் வெளியிட்ட ஆய்வு, வறுமை இடத்தின் வழியே மறுஉற்பத்தி செய்யப்படுவதை விளக்குகிறது. அருகில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த சாலை இருந்தும், துப்புரவு, காவல் போன்ற நிலையற்ற வேலைகளே பெரிதும் கிட்டின. குடியிருப்பின் பெயரே வேலை தேடுவோர்க்குக் களங்கமாக அமைந்ததையும் அவ்வாய்வு பதிவு செய்கிறது.

இவ்விடத்தில் அளவுகோல் பற்றிய சிக்கல் எழுகிறது. பல்பரிமாண வறுமைக் குறியீட்டின் 12 கூறுகளுள் வீட்டின் தன்மை, கழிப்பறை, மின்சாரம், குடிநீர் ஆகியவை அடங்கும். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்ககத்துக்குச் செல்லும் குடும்பம், இவற்றுள் சிலவற்றில் இழப்பிலிருந்து விடுபட்டதாகக் கணக்கிடப்படும். வேலையிழப்பும் பயண நேரமும் அக்குறியீட்டில் இல்லை. பள்ளி வருகை என்னும் கூறு எட்டாம் வகுப்பை முடிக்கும் வயது வரையே பார்க்கிறது. ஒன்பதாம் வகுப்பில் படிப்பை நிறுத்தும் பிள்ளை அதன் கணக்கில் வருவதில்லை. ஆகவே, வருமானத்தையும் கல்வித் தொடர்ச்சியையும் இழந்த குடும்பம், புள்ளிவிவரத்தில் வறுமையைக் கடந்த குடும்பமாகத் தோன்றக்கூடும். மாநிலத்தின் 2.20 விழுக்காடு பொய்யன்று. அது விடை கூறும் கேள்வி மிகச் சிறியது.

மறுதரப்பின் நியாயமும் எடைபோடத் தக்கதே. ஆற்றங்கரைக் குடிசைகளில் வெள்ளமும் தீயும் நோயும் இடையறாத அச்சங்கள். தனிக் கழிப்பறையும் பூட்டக்கூடிய கதவும் பெண்களுக்குச் சிறிய பேறுகள் அல்ல. அனுப்பப்பட்டோருள் இவற்றை மதிப்போரும் உளர். ஆனால் வீட்டையும் வேலையையும் ஒன்றுக்கொன்று விலையாக வைக்கும் நிலையே இயலுமைக் கோட்பாடு எதிர்ப்பது. இருபதாயிரம் வீடுகளுக்கு வேண்டிய பள்ளியும் மருத்துவமனையும் பேருந்தும் குடியேற்றத்துக்கு முன்பே அமையாமல், பின்னர்க் கோரிக்கைகளால் சிறிது சிறிதாக வருவது, அனைவருக்குமான சேவை என்னும் கொள்கையின் உள்முரண். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. பெரும்பாக்கமோ ஊராட்சி. ஊருக்கென வகுக்கப்பட்ட நிர்வாகம் ஒரு நகரத்தின் மக்கள்தொகையைத் தாங்க நேர்ந்தது.

5. கோட்பாட்டில் உள்ளதும் ஒப்பீட்டில் விடுபட்டதும்

மேற்கண்டவற்றை விளக்கும் கருவி சென்னின் கோட்பாட்டிலேயே உண்டு. 1999இல் வெளியான ‘வளர்ச்சி என்னும் சுதந்திரம்’ எனப் பெயர்க்கத்தக்க நூலில், ஒரே வருமானம் வெவ்வேறு மனிதர்க்கு வெவ்வேறு வாழ்வைத் தருவதற்கான ஐந்து காரணங்களை அவர் வகைப்படுத்துகிறார்: தனிமனித வேறுபாடு, சுற்றுச்சூழல் வேறுபாடு, சமூகச் சூழல், சமூகத்தில் பிறரோடு ஒப்பிட்ட தேவை, குடும்பத்துக்குள் பகிர்வு. வருமானத்துக்குப் பொருந்தும் இவ்விதி பொதுச் சேவைக்கும் பொருந்தும். ஒரே நியாயவிலை அரிசி, மயிலாப்பூரில் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும், அவ்வேலையை இழந்து பெரும்பாக்கத்தில் வாழும் பெண்ணுக்கும் ஒரே அளவு வாழ்வாக மாறுவதில்லை. இடம் என்பது சுற்றுச்சூழலாகவும் சமூகச் சூழலாகவும் ஒரே சமயத்தில் செயற்படும் காரணி. ‘நிச்சயமற்ற பெருமை’யின் தமிழகப் பகுதி, சேவை வழங்கப்படுவதை விரிவாகவும், அது வாழ்வாக மாறுவதைச் சுருக்கமாகவும் காண்கிறது.

இதற்கு ஆய்வுமுறையும் ஒரு காரணம். த்ரேஸின் களப்பணி மரபு மதிப்புக்குரியது. அவர் பங்கேற்ற 1999ஆம் ஆண்டு அடிப்படைக் கல்வி பற்றிய பொது அறிக்கையும், அங்கன்வாடிகள் பற்றிய 2006ஆம் ஆண்டு அறிக்கையும், நேரில் சென்று காணாமல் கொள்கை பேசலாகாது என்பதை உணர்த்தியவை. பின்னதில் ஆறு மாநிலங்களுள் தமிழகத்தின் அங்கன்வாடிகள் சிறந்து விளங்கின. ஆனால் இம்மரபின் முதன்மைக் களம் கிராமம். கிராமத்தில் பள்ளியும் வீடும் வயலும் பெரும்பாலும் ஒரே எல்லைக்குள் அமையும். சேவை இருக்கிறதா, இயங்குகிறதா என்று கேட்டால் போதும். புறநகரில் இம்மூன்றும் பிரிந்து கிடப்பதால், சேவை எங்கே, மக்கள் எங்கே, வேலை எங்கே என்னும் மூன்று கேள்விகள் தேவைப்படுகின்றன.

பொதுச் சேவை பின்தங்கும் இடைவெளியில் தனியார் நுழைவதையும் மாநிலச் சராசரி மறைக்கிறது. மருத்துவ நிறுவனப் பேறு என்னும் 99.6 விழுக்காட்டில் அரசும் தனியாரும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. ஐந்தாம் குடும்பநல ஆய்வில், தமிழகத்தின் அரசு நிறுவனங்களில் அறுவைசிகிச்சைப் பேறு 36.0 விழுக்காடு, தனியாரில் 63.8 விழுக்காடு. ஒரே குறியீட்டுக்குள் இருவேறு மருத்துவ அனுபவங்களும் இருவேறு செலவுகளும் அடங்கியிருப்பதை இவ்வேறுபாடு புலப்படுத்துகிறது.

விவேக் சீனிவாசனின் விளக்கத்தை ஏற்பின், சிக்கல் மேலும் ஆழமாகிறது. அக்கம்பக்கத்தாரின் கூட்டுக் கோரிக்கையே சேவையை இயங்கச் செய்வது எனில், பல பகுதிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டோரை ஒரே அடுக்ககத்தில் கலந்து குடியமர்த்துவது, அக்கோரிக்கைக்குரிய உறவுகளையே சிதைக்கிறது. தமிழக வெற்றியின் எந்திரமாகக் கருதப்படுவது மறுகுடியமர்வில் முதலில் பழுதாகிறது. புதிய இடத்தில் சங்கங்களும் பெண்கள் குழுக்களும் மீண்டும் உருவாகின்றன என்பது உண்மை. அதற்குச் செலவாகும் ஆண்டுகள் ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவத்தை விழுங்கிவிடக்கூடும்.

அண்மைக் கொள்கைகள் சிலவற்றில் இவ்வுணர்வு தென்படுகிறது. 2021இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டது. தொலைவும் ஒருவகை வறுமை என்பதை அரசு ஏற்றதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம். அவ்வாண்டிலேயே மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கையும் வெளியிடப்பட்டது. பேருந்துக் கட்டணம் குறைந்தாலும் பயணத்தில் கழியும் நேரம் மீள்வதில்லை. ஆதலால் போக்குவரத்துச் சலுகை இடப்பெயர்வுக்கு ஈடாகாது.

முடிவுரை

த்ரேஸ், சென் ஆகியோரின் தமிழக வாசிப்பு பிழையானது என்பது இம்மதிப்பீட்டின் முடிவன்று. ஏழை மாநிலமும் நல்ல பொதுச் சேவையைத் தரமுடியும் என்னும் அவர்களது மையக் கருத்தைத் தமிழகம் மெய்ப்பித்துள்ளது. அவ்வாதம் முழுமைபெற மூன்று திருத்தங்கள் தேவை. மாநிலச் சராசரியோடு மாநிலத்துக்குள் உள்ள இடவேறுபாடும் ஒப்பீட்டின் அலகாதல் வேண்டும். சேவையின் இருப்போடு, அது வாழ்வாக மாறுவதற்கான சூழலும் அளக்கப்பட வேண்டும். பயண நேரம், வேலைக்கான அண்மை, எட்டாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வித் தொடர்ச்சி ஆகியவை அவ்வளவையில் இடம்பெறல் வேண்டும். வீட்டு வசதிக் கொள்கையும் நகர நிலக் கொள்கையும் சமூகக் கொள்கையின் புறத்தே நிற்காமல் அதன் பகுதியாக ஆராயப்படல் வேண்டும்.

சேத்துப்பட்டு ஆய்வு நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் எனக் காட்டி ஆறு பதிற்றாண்டுகளுக்கு மேலாகின்றன. மருத்துவம் கற்றுக்கொண்ட அப்பாடத்தை நகர வளர்ச்சி இன்னும் கற்கவில்லை. ஏழையரின் வறுமையைத் தீர்க்க அவர்களை அவர்தம் வாழிடத்திலிருந்து அகற்றும் வழக்கம் தொடரும்வரை, தமிழகத்தின் உயர்ந்த குறியீடுகளும் பெரும்பாக்கத்தின் அன்றாட வாழ்வும் ஒரே மாநிலத்தைப் பற்றி இருவேறு செய்திகளைக் கூறிக்கொண்டேயிருக்கும்.